பாடம் முதலில், கற்பனை பிறகு!

ஹவாய்த் தீவுகளின் இசைக் கருவி யுகுலேலே. நாலே தந்திகள். குழந்தைகூட மடியில் வைத்து மீட்டலாம்.

இதைக் கற்பவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. "கற்ற பாட்டைப் பிசகாமல் வாசி" என்பார் ஒருவர். "மனம் போனபடி வாசி" என்பார் இன்னொருவர். எது சரி?

கருவியின் கதையே பதில் சொல்கிறது.

1879-ம் ஆண்டு மதீராத் தீவிலிருந்து போர்த்துக்கீசியர்கள் ஹவாய்க்குக் கப்பலில் வந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்கள். அவர்களோடு ஒரு சிறு தந்தி வாத்தியமும் வந்தது. ஹவாய் மக்கள் அதில் மயங்கினார்கள். "குதிக்கும் தெள்ளுப்பூச்சி" என்று பெயரிட்டார்கள். யுகுலேலே என்பதற்கு அதுதான் பொருள். மன்னர் கலாகவுவாவின் அரண்மனையிலும் அது ஒலித்தது.

வாசிக்கும் முறையை வந்தவர்களிடம்தான் கற்றார்கள். ஆனால் வந்தவர்களின் பாட்டோடு நின்றார்களா? இல்லை. தங்கள் பாட்டுக்கும் நடனத்துக்கும் அதை இசைத்தார்கள். அதனால்தான் அது ஹவாயின் கருவி ஆயிற்று!

பாட்டே கற்காமல் மீட்டிக்கொண்டிருந்தால், தெரிந்த நாலு சத்தமே திரும்பத் திரும்ப வரும். பிறர் பாடும்போது கூட வாசிக்கவும் வராது. பாடத்தை மட்டுமே நம்பினாலோ, ஓர் இடம் மறந்ததும் விரல் நின்றுவிடும்.

ஆகவே, முதலில் ஒரு பாட்டை ஒழுங்காகக் கற்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதே பாட்டில் ஒரே ஓர் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். தாளம் மட்டும் தவறக் கூடாது.

பெற்றோர்களே! பாடம் முடித்த பிள்ளை தன் இஷ்டத்துக்கு வாசித்தால், "என்ன சத்தம்?" என்று அதட்டாதீர்கள். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தச் சத்தத்திலிருந்துதான் பிள்ளையின் சொந்தப் பாட்டு பிறக்கும்.