நன்றியுள்ள பிராணியா, உழைப்பாளியா?

தொடக்கப்பள்ளியில் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவர் அநேகமாக இருக்கமாட்டார். அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: ‘நாய் நன்றியுள்ள பிராணி.’ பார்வையற்ற ஒருவருடன் வழிகாட்டி நாய் நடந்து செல்வதைப் பார்க்கும்போதும் நமக்கு அதே எண்ணம்தான் வருகிறது. “எவ்வளவு பாசம் பார்!” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம். இந்த ஆண்டு எங்கள் குழு திட்டப்பணிக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, வழிகாட்டி நாய்களின் பயிற்சியும் அவற்றின் உடல்நலத்தைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் பணியும். படித்தும் கேட்டும் எழுதியும் முடித்த பிறகு, அந்தப் பழைய வாக்கியத்தைச் சற்று ஒதுக்கி வைக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். வழிகாட்டி நாய் ஓர் உழைப்பாளி. அதைச் செல்லப் பிராணியாக மட்டும் பார்த்தால், அதன் வேலைக்கும் உடல்நலத்துக்கும், அதனுடன் நடப்பவரின் மதிப்புக்கும் நாமே இடையூறாகிவிடுகிறோம்.

முதலில் ‘வழிகாட்டி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். “நூலகத்துக்குப் போ” என்று சொன்னால் போதும், நாய் கூட்டிச் சென்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கே போவது, எந்த இடத்தில் திரும்புவது, சாலையை எப்போது கடப்பது ஆகியவற்றையெல்லாம் முடிவுசெய்பவர் அந்தப் பார்வையற்றவர்தான். வழி அவருடைய மனத்தில் வரைபடமாக இருக்கிறது. குறுக்கிடும் தடைகளைச் சுற்றி அவரை அழைத்துச் செல்வதும், நடைபாதையின் விளிம்பிலும் படிக்கட்டின் தொடக்கத்திலும் நின்று உணர்த்துவதும் நாயின் வேலை. அடிக்கடி போய்வரும் இடங்கள் நாய்க்கும் பழகிவிடும் என்பது வேறு கதை. போக்குவரத்து விளக்கு சிவப்பா பச்சையா என்று நாய் பார்த்துச் சொல்வதில்லை. வாகனங்களின் ஓசையையும், நம் நாட்டுச் சாலைச் சந்திப்புகள் பலவற்றில் கேட்கும் ஒலிக்குறிப்பையும் கவனித்து, “முன்னே போ” என்று அவர் கட்டளையிடுகிறார்.

அப்படிக் கட்டளையிட்ட பிறகும் நாய் அசையாமல் நிற்பதுண்டு. ஓசையே இல்லாமல் ஒரு மின்வாகனம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது கேட்கவில்லை; நாய் பார்த்துவிட்டது. அப்போது கட்டளையை மீறி நிற்க அது கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. பயிற்றுநர்கள் இதை ‘அறிவார்ந்த கீழ்ப்படியாமை’ என்கிறார்கள். (இந்தச் சொல்லை வகுப்பில் நாங்கள் பயன்படுத்தத் தொடங்கியதை எங்கள் ஆசிரியர் அவ்வளவாக ரசிக்கவில்லை.)

எனக்கு இதைவிடவும் வியப்பாக இருந்தது வேறொன்று. தாழ்வாகத் தொங்கும் மரக்கிளை நாய்க்கு ஒரு தடையே அன்று. குனியாமலே அடியில் புகுந்து போய்விடும். இரண்டு மிதிவண்டிகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்திலும் அது எளிதாக நுழைந்துவிடும். ஆனால், தன்னைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரமுள்ள ஒருவர் தன் பக்கத்தில் நடந்து வருகிறார், அவருடைய தலைக்கும் தோளுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்று அது ஒவ்வோர் அடியிலும் கணக்கிட்டாக வேண்டும். தனக்குத் தடையில்லாத ஒன்றைப் பிறருக்காகத் தடை என்று உணர்வது மனிதர்களுக்கே எளிதாக வருவதில்லை. நன்றியுணர்வு மட்டும் இதைக் கற்றுத் தந்துவிடாது. திரும்பத் திரும்பப் பழக்கும் பயிற்சிதான் கற்றுத்தருகிறது.

அந்தப் பயிற்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. 1928இல் மோரிஸ் ஃபிராங்க் என்னும் அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குப் போய், ‘படி’ என்ற நாயுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். நியூயார்க்கின் நெரிசலான சாலை ஒன்றைச் செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் கடந்து காட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவில் அதற்கென ஒரு பள்ளி உருவானது.

இன்றைய முறை இப்படி இருக்கிறது. ஏறத்தாழ எட்டு வார வயதில் குட்டி ஒரு தொண்டூழியர் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. ஓராண்டு காலம் அக்குடும்பம் அதை மின்தூக்கி, கடைத்தொகுதி, மக்கள் கூட்டம், இடியோசை எல்லாவற்றுக்கும் பழக்குகிறது. பிறகு பல மாதங்கள் தொழில்முறைப் பயிற்சி. அதன்பின் யாருக்கு எந்த நாய் என்று பொருத்தம் பார்க்கிறார்கள். நடைவேகம், உயரம், வீட்டுச் சூழல், வேலை எனப் பலவும் ஒத்துப்போக வேண்டும். கல்யாணப் பொருத்தம்கூட இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுமா என்பது சந்தேகம்தான்! எல்லா நாய்களும் தேறுவதில்லை. ஒன்று பூனையைக் கண்டால் ஓடும். இன்னொன்று சத்தத்துக்கு அஞ்சும். வேறொன்றுக்கு மூட்டு பலவீனமாக இருக்கும். அவை நல்ல வீடுகளுக்குச் செல்லப் பிராணிகளாகப் போகின்றன.

மூட்டு என்றதும் மருத்துவர் வந்துவிடுகிறார். வழிகாட்டி நாய்களில் பெரும்பாலானவை லாப்ரடார் இனத்தைச் சேர்ந்தவை அல்லது அந்தக் கலப்பு உள்ளவை. இந்த இனத்தில் இடுப்பு எலும்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வரக்கூடும். அதனால் தாய் நாய்க்கும் தந்தை நாய்க்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே குட்டி ஈனவிடுகிறார்கள். கண்களையும் சோதிக்கிறார்கள். பிறருக்குக் கண்ணாக இருக்கவேண்டிய நாய்க்குப் பரம்பரைக் கண்நோய் இருந்தால் என்ன ஆகும்?

எங்கள் திட்டப்பணியில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, மருத்துவமனையில் உள்ள சாதாரண எடைப்பொறி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாப்ரடார் நாய்கள் சிலவற்றில் ‘பிஓஎம்சி’ என்னும் மரபணுவின் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறது. அத்தகைய நாய்க்கு உணவின் மீது நாட்டம் அதிகம். எடையும் எளிதில் கூடும். வீட்டில் வளரும் லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த மாற்றம் இருந்தது. ஆனால், உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் அது 76 விழுக்காடு! சரியாகச் செய்தால் ஒரு துண்டு உணவு கொடுத்துப் பழக்குவதால், உணவில் ஆவல் மிகுந்த நாய்களே நன்றாகக் கற்று, அதிகமாகத் தேர்வாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அப்படியானால், எந்தப் பண்பு அந்த நாயைச் சிறந்த மாணவனாக்கியதோ அதே பண்புதான் அதன் உடலுக்குப் பகையும் ஆகிறது. எடை கூடினால் மூட்டு தேயும். மூட்டு தேய்ந்தால் வேலை போய்விடும். உணவங்காடி நிலையத்தில் மேசைக்கு அடியில் படுத்திருக்கும் வழிகாட்டி நாயிடம் அன்பு மிகுந்து ஒரு கோழித்துண்டை நீட்டுகிறவர் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதில்லை. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தலாம் என்பது ஒருபுறம். கீழே கிடக்கும் உணவைத் தொடாமல் இருக்க அந்த நாய் பட்ட பாடு ஒரு நொடியில் வீணாகிறது என்பது இன்னொரு புறம்.

மருத்துவர் இந்த நாய்களைக் கவனிக்கும் விதத்திலும் ஒரு தனித்தன்மை உண்டு. சாதாரணமாக நாயின் உரிமையாளர் “தோலில் சிவப்பாக ஏதோ தெரிகிறது, டாக்டர்” என்று சொல்லிக்கொண்டு வருவார். பார்வையற்றவரால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே, விரல்களால் தேட அவர் கற்றுக்கொள்கிறார். நாள்தோறும் ரோமத்தை வாரிவிடும்போது காதின் பின்புறம், அக்குள், கால்விரல் இடுக்கு என எல்லா இடத்தையும் தடவிப் பார்க்கிறார். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாட்டில் இது மிக அவசியம். ஓர் உண்ணி கடித்தாலே நாய்க்கு ஆபத்தான காய்ச்சல் வரலாம். நடைபாதை சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே நாயை நடக்கவிடுகிறார். நாயின் நடை மாறினால், கையில் உள்ள கைப்பிடி வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். பார்வையுள்ள பல உரிமையாளர்கள் கவனிக்கத் தவறும் சிறு நொண்டலையும் அவர் உணர்ந்துவிடக்கூடும்.

கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்கள் நம்மிடையே பலர் உண்டு. “எனக்கு விலங்குகள் என்றால் உயிர்” என்பதுதான் அவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம். காரணம் நல்லதுதான், ஆனால் போதாது. “இந்த நாய் இனி வேலை செய்யக்கூடாது” என்று, அதை நம்பி நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய நாளும் அந்தத் தொழிலில் வரும். அந்தச் சொல்லால் ஒருவர் மீண்டும் வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டு, அடுத்த நாய்க்காகக் காத்திருக்க நேரிடும். தெரிந்தே அதைச் சொல்கிற துணிவும் மருத்துவருக்கு வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு தோழி கடைசிவரை ஒரு கேள்வியை விடவே இல்லை. “அந்த நாயிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? மனிதனுக்காக வாழ்நாள் முழுவதும் அதை உழைக்க வைப்பது நியாயமா?” என்று கேட்டாள். அவள் சொல்வதை வெறும் வாதமாக நான் தள்ளிவிடமாட்டேன். நாய் சம்மதம் தரவில்லை என்பது உண்மைதான். அதனால்தான், ‘அது பாசத்தால் செய்கிறது’ என்ற பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் நம் பொறுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. உழைப்பாளி என்று ஒப்புக்கொண்டால்தான் ஓய்வு, அளவான உணவு, மருத்துவச் சோதனை, பணி ஓய்வு வயது ஆகியவற்றைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். வேலையில் விருப்பமில்லாத நாயைக் கட்டாயப்படுத்தினால் அது நன்றாக வழிகாட்டாது; அதனால் பயிற்சியிலேயே அது விலக்கப்படுகிறது. கைப்பிடியைக் கழற்றியதும் அது வேலை முடிந்து வீடு திரும்பியவர்போலத் துள்ளி விளையாடுகிறது. இவை எல்லாம் முறையாக நடக்கும்வரை, மருத்துவரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருக்கும்வரை, இந்த வேலையில் அநியாயம் இல்லை என்பது என் முடிவு. தோழி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் வழிகாட்டி நாய்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே உள்ளன. பார்வைக் குறைபாடுடையோரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்கோலையே பயன்படுத்துகிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் மக்களுக்கும் பழக்கம் குறைவு. வழிகாட்டி நாயைப் பயன்படுத்திய முதல் சிங்கப்பூர்ப் பெண்மணி கசாண்ட்ரா சியூ. நாயுடன் போனதால் உணவகங்களிலும் கடைகளிலும் தமக்கு அனுமதி மறுக்கப்பட்ட அனுபவங்களை அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இத்தனைக்கும் வழிகாட்டி நாய்கள் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்ய அனுமதி உண்டு. உணவகங்களுக்குள் வரவும் அனுமதி உண்டு. விதி இருக்கிறது, வாசலில் நிற்கும் ஊழியருக்கு அது தெரிந்திருப்பதில்லை.

நாயைக் கண்டால் அஞ்சுபவர்களும், சமய நெறி காரணமாக நாயைத் தொட விரும்பாதவர்களும் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய உணர்வை மதிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வழிகாட்டி நாய் யாரையும் நாடிப் போய் முகராமல், நக்காமல், அமைதியாகப் படுத்திருக்கப் பழக்கப்பட்டது. இரண்டடி தள்ளி நின்றால் போதும்; வெளியே அனுப்பத் தேவையில்லை.

நாயைப் பார்த்ததும் “ச்சூ... ச்சூ...” என்று அழைப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் நல்ல மனத்தோடுதான் அழைக்கிறார்கள். பேருந்து ஓட்டுநர் வளைவில் திரும்பும்போது நாம் அவருடைய தோளைத் தட்டி நலம் விசாரிப்போமா? பேச விரும்பினால் அந்த மனிதரிடம் பேசலாம். உதவி தேவையா என்று அவரிடமே கேட்கலாம். கைப்பிடியைப் பற்றி இழுப்பது உதவி அன்று. அது அவருடைய கையிலிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பது.

திட்டப்பணியை ஒப்படைத்துவிட்டோம். இருப்பினும் ஒரு பகுதியை நாங்கள் விரிவாக ஆராய நேரம் கிடைக்கவில்லை. வழிகாட்டி நாய் பொதுவாக ஒன்பது, பத்து வயதில் ஓய்வு பெறுகிறது. அதே வீட்டில் இருந்துவிட்டால் அதற்கு மகிழ்ச்சி. ஆனால், அப்போது புதிய வழிகாட்டி நாய் ஒன்றும் அந்த வீட்டுக்கு வரும். வீவக வீடுகளில் பொதுவாக ஒரே ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். வேலை செய்யும் நாய்க்கு விலக்கு உண்டு. வேலை செய்து முடித்த நாய்க்கும் அந்த விலக்கு தொடரவேண்டும் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு இந்தத் தலைப்பை எடுக்கும் குழு, அங்கிருந்தே தொடங்கலாம்.