‘ண’ தெரியுதா பாருங்க!

போன மாசம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினான் நண்பன். விழுப்புரத்துக் கடை ஒன்றில் வாங்கிய 19 இன்ச் எல்.இ.டி. மானிட்டர். லீவு நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. ‘‘ஃபுல் ஹெச்.டி. மச்சி, பெட்டியிலேயே போட்டிருக்கான்!’’

ரூமுக்குப் போய் மாட்டினோம். சினிமா சூப்பர்! ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திறந்ததும்தான் வினை. பொடி எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் ஒரே மாதிரி தெரிந்தன. அரை மணி நேரத்தில் கண்ணில் தண்ணி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். ‘ஃபுல் ஹெச்.டி. சப்போர்ட்’!

அந்த ‘சப்போர்ட்’தான் ஆப்பு. 1920x1080 சிக்னலை வாங்கிக்கொள்ளும். காட்டுவது என்னவோ 1366x768தான். இருபது லட்சத்து எழுபதாயிரம் புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில், பத்தரை லட்சம்கூட முழுசாக இல்லை. மறுநாள் பில்லோடு போனால், ‘‘கீழே சின்னதா போட்டிருக்கே தம்பி’’ என்றார்கள். போட்டுத்தான் இருந்தது!

‘எல்.இ.டி.’ என்ற பெயரே பாதிக் கதைதான். படம் காட்டுவது பழைய எல்.சி.டி. பேனல். பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதுதான் எல்.இ.டி. முன்பு அந்த இடத்தில் மெல்லிசான டியூப் இருந்தது. அதனால் கரன்ட் மிச்சம், கனமும் குறைவு. படத்தின் தரத்தை முடிவு செய்வது பேனல்தான். ‘கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒன்று’ என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். சாதாரண ஐ.பி.எஸ். பேனலின் நிஜக் கணக்கு சுமார் 1000:1. வி.ஏ. என்றால் சுமார் 3000:1.

பட்ஜெட் கம்மி என்பதற்காக பயப்பட வேண்டாம். கடையில் அஞ்சு நிமிஷம் கேளுங்க. பென் டிரைவில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என அஞ்சு படம், ஒரு தமிழ் பி.டி.எஃப். போதும்.

* ‘நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?’ முதல் கேள்வி இதுதான். பதிலை பில்லில் எழுதி வாங்குங்க.

* பொடி எழுத்துத் தமிழைத் திறங்க. ‘ண’வின் சுழியை எண்ண முடிஞ்சா பாஸ்!

* கறுப்புப் படத்தில் ஓரங்களில் வெளிச்சம் கசியுதா? மற்ற நிறங்களில் செத்த புள்ளி தெரியுதா? ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை.

* பக்கவாட்டிலும் கீழேயிருந்தும் பாருங்க. நிறம் வெளுத்தாலோ தலைகீழாக மாறினாலோ அது பெரும்பாலும் டி.என். பேனல்.

* வெளிச்சத்தைக் குறைச்சு, மொபைல் கேமரா வழியா பாருங்க. பட்டை பட்டையா ஓடினா விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு அர்த்தம். சிலருக்கு இதில் தலைவலியே வரும்.

* வாரன்டி எத்தனை வருஷம், சர்வீஸ் எந்த ஊரில்? ரிப்பேருக்காக சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மிச்சம் பிடித்த காசு பஸ்ஸிலேயே போய்விடும்.

இத்தனையையும் தாண்டிய மானிட்டருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும், அதுதான் மலிவு. ஏன்னா, நாலு வருஷம் அதைப் பார்க்கப்போறது உங்க கண்ணு.

நண்பன் இப்போ எழுத்தைப் பெரிசாக்கி, ஒரு வரிக்கு நாலு தடவை மவுஸை உருட்டி ப்ராஜெக்டை முடிச்சிட்டிருக்கான். எங்க ரூமில் அடுத்து மானிட்டர் வாங்கப்போறவன் கையில், அந்த பென் டிரைவை அவனே கொடுத்துட்டான்!