மதிப்பெண் குறைந்தால் குணமா?

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ-9 படிவத்தில் 9 கேள்விகள். மொத்தம் 27 மதிப்பெண். தோற்றுப்போனதாக உணர்கிறாயா என்று கேட்கிறது. அப்படி உணர வைத்தது யார் என்று கேட்பதில்லை. 18 வாங்கிய மாணவர் 8-க்கு இறங்கினால் 'முன்னேற்றம்' என்கிறார்கள். விடுதியில் சாதிக் கிண்டல் நின்றதா, புகாரை விசாரித்தார்களா? அதற்குக் கட்டமே இல்லை.

படிப்பை விட்டு ஊர் திரும்பியவர் கடைசிப் படிவத்தை நிரப்புவதில்லை. மிஞ்சியவர்களின் சராசரியே திட்டத்தின் வெற்றியாகிறது.

ரோஹித் வெமுலாவை ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அந்த வெளியேற்றத்தை எந்த மதிப்பெண் காட்டும்?

அளக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முழுதாக அளக்கச் சொல்கிறோம். தோழர்களே, வெற்றி அறிக்கை வாசிக்கும்போது எழுந்து கேளுங்கள்: பாதியில் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்?