குரல் மாறிய வீரன்

பழங்கூத்தையும் நாடகத்தையும் பற்றியே இப்பகுதியில் எழுதி வருகிறோம் என்றும், நம் வீட்டுப் பிள்ளைகள் உறக்கம் விட்டுப் பார்க்கும் படங்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதலாகாதா என்றும் நேயர் சிலர் நம்மைக் கடிந்துகொண்டனர். கடிந்தது முறையே. அக்கடனைத் தீர்க்க இத்திங்கள் முற்படுகிறோம். துணைக்கு ஊரிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது.

எழுதியவன் செங்கலில் இருக்கும் நம் தங்கையின் பேரன், கல்லூரி மாணவன். அயர்ன் மேன் என்னும் இரும்புக் கவச வீரனாக நடித்து, அவ்வீரன் மாண்டதோடு விடைபெற்ற ராபர்ட் டௌனி ஜூனியர், டாக்டர் டூம் என்னும் பகைவனாக அவெஞ்சர்ஸ் படத்தில் மீண்டும் தோன்றுவார் என்று 2024 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அறிவித்தார்கள் அல்லவா? அச்செய்தி அவனுக்கு இன்னும் செரிக்கவில்லை. "நாம் அழுது அனுப்பி வைத்தவரை முகமூடி மாட்டித் திரும்ப அழைத்து வருகிறார்களே, இது சரிதானா தாத்தா? தமிழில் அவருக்கு யார் பேசுவார்?" என்று கேட்டிருக்கிறான். முதற் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் வசூற் கணக்கு எழுதுவோர். இரண்டாவது கேள்வியோ நம்மை 2019ஆம் ஆண்டின் கோடை விடுமுறைக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

செங்கல், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட சிற்றூர். பெயரைக் கேட்டு அங்கே சூளைகளைத் தேட வேண்டா. இன்று வெளியூரார் அவ்வூரை அறிவது மகேஸ்வரம் கோயிலின் ஓங்கிய சிவலிங்கத்தால். 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் நம் தங்கை வீட்டில் அடுப்படியில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பேருந்தின் நெற்றிப் பலகையிலும் மலையாளம். பேரன் தமிழைக் கற்றது ஆச்சியின் வாய்மொழியிலிருந்தும், தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தும். மிகைபடச் சொல்லவில்லை. அவனுக்குத் தமிழில் பகடி பேசவும், வாதாடவும், துயரத்தை மறைத்து நகைக்கவும் கற்றுக் கொடுத்தவர்களுள், மொழிமாற்றப் படங்களில் தமிழ் பேசிய அந்த இரும்பு மனிதனும் ஒருவன். அக்குரலுக்குரிய கலைஞர் யாரென அவன் அறியான். குரலை மட்டும் அறிவான்.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரல் 26இல் இந்தியாவில் வெளியாயிற்று. ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் வந்தது. மலையாளம் அப்பட்டியலில் இல்லை. இச்சிறு செய்தி செங்கலில் எத்துணைப் பெரிதாயிற்று என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பில் 'பாண்டி' என்று கேலிப் பெயர் சுமந்த பையனுக்கு, அவன் வீட்டு மொழியில் படம் உண்டு. கேலி செய்தவர்களின் மொழியில் இல்லை! பதினான்கு வயதில் அது சிறிய வெற்றியா? "தமிழில் அவன் பேசுவதைக் கேட்டால் ஆங்கிலத்தையே மறந்து போவீர்கள்" என்று தன் மலையாளத் தோழர் இருவரிடம் வீறாப்புப் பேசி, அவர்களையும் உடன் வரச் செய்துவிட்டான். தமிழ்ப் படங்கள் பார்த்துப் பழகிய அவ்விருவருக்கும் தமிழ் நன்கு விளங்கும்.

இவ்வாறு நாம், தங்கை, பேரன், தோழர் இருவர் என ஐவர் உதியன்குளங்கரையில் பேருந்தேறிக் களியக்காவிளை கடந்து மார்த்தாண்டம் சேர்ந்தோம். தங்கையை அழைத்துச் செல்வதற்குக் காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் தனியே இருக்க மாட்டேன் என்றாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் மிகுதியான படமென்று அறிந்திருந்தால் மாட்டேன் என்றிருப்பாள்.

கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 2018இல் வந்த 'இன்பினிட்டி வார்' படத்தில் தானோஸ் என்பவன் ஆறு மணிகளைத் திரட்டி, ஒரு விரற்சொடுக்கில் உலகத்து உயிர்களிற் பாதியை இல்லையாக்கினான். எஞ்சிய வீரர்கள் ஐந்து ஆண்டு சோர்ந்து கிடந்தபின், காலத்தினூடே பின்சென்று அம்மணிகளைக் கொணர்ந்து, மறைந்தாரை மீட்பதே இத்தொடர்ச்சியின் கதை. 2008இல் தொடங்கிய வரிசையில் இது இருபத்திரண்டாவது படம். முந்தியவற்றைப் பாராதார்க்கு இதில் பாதி விளங்காது. தங்கை கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. அந்தப் பச்சை மனிதன் ஏன் கண்ணாடி அணிந்திருக்கிறான்? சம்மட்டிக்காரனுக்கு வயிறு ஏன் பெருத்தது? நமக்கே தெரியாதவற்றுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? பேரன் முதல் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினான். பிறகு, "ஆச்சி, பேசாதே பாரு" என்று கெஞ்சினான்.

அவன் முகம் வாடியதற்கு ஆச்சியின் கேள்விகள் காரணமல்ல. திரையில் அயர்ன் மேன் வாய் திறந்தான். வந்த குரல் விஜய் சேதுபதியுடையது. தமிழ்ப் பதிப்பில் அவரே பேசுவார் என்பதும், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா பேசுவார் என்பதும், உரையாடல் ஏ.ஆர்.முருகதாசுடையது என்பதும் முன்னரே விளம்பரமானவை. ஏ.ஆர்.ரஹ்மானைக் கொண்டு இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு விளம்பரப் பாடலும் செய்திருந்தார்கள். முன்னோட்டம் வந்த அன்றே, குரல் ஒட்டவில்லை என்று ரசிகர் பலர் முணுமுணுத்ததும் உண்டு. பேரன் அவற்றையெல்லாம் கேட்டிருந்தும், கொட்டகையில் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தான். சரியாகவில்லை. தோழர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். பையன் இருக்கையில் ஒடுங்கிப் போனான்.

விஜய் சேதுபதி நல்ல நடிகர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் டௌனியின் பேச்சு விரைந்து தாவிச் செல்வது; ஒரு பகடி முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். சேதுபதியின் பேச்சோ நின்று, இழுத்து, தன் போக்கில் நடப்பது. மேலும் நாடறிந்த குரல், தன் முகத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. திரையில் வெள்ளைக்காரரைப் பார்க்கிறோம். மனத்திலோ தாடி வைத்த சேதுபதி வந்து நிற்கிறார். குரல் கொடுப்போர் பெயர் தெரியாமலிருப்பது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று நாமே முன்பு வாதாடியதுண்டு. ஆனால் அப்பெயரின்மையால் பாத்திரத்துக்கு ஒரு நன்மை விளைந்திருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். குறை நடிகருடையதன்று. ஆண்டுக்கணக்கில் பழகிய குரலை, கதையின் இறுதி நாளில், வசூலை எண்ணி மாற்றத் துணிந்தவர்களுடையது.

மொழிமாற்றமே கூடாது என்பாரோடு நாம் சேரமாட்டோம். 1944லேயே ஏ.வி.மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்தார். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரால் எடுக்கப்பட்டது. ஒரு மொழியின் படம் மற்றொரு மொழியாரின் கையில் உருவாவது நமக்குப் புதிதன்று.

இனிப் படத்தின் நிறைகுறை. முதல் ஒரு மணி நேரத்தின் துயரம் நம்மைக் கவர்ந்தது. தோற்ற வீரர்கள் வெறுமனே உட்கார்ந்திருப்பதை இவ்வகைப் படங்களில் எளிதில் காண முடியாது. கேப்டன் அமெரிக்கா தோரின் சம்மட்டியைத் தூக்கியபோது கொட்டகை அதிர்ந்தது. சிரித்த தோழர் இருவரும் எழுந்து நின்று கூவினர். ஆனால் தாயையும் தம்பியையும் இழந்து குடியில் வீழ்ந்த தோரை, அவன் தொந்தியைக் காட்டிக் காட்டிச் சிரிப்புக்கு ஆளாக்கியது நமக்கு அருவருப்பாயிற்று. காலப் பயணத்தின் கணக்கோ எத்துணை முறை கூட்டினாலும் ஒத்துவராதது, அதை விட்டுவிடுவோம். கடைசிப் போரில் இறந்தவர், மீண்டவர், நாம் மறந்தவர் எல்லாரும் ஒருங்கே வந்து குவிந்தார்கள். ஊர்த் திருவிழாவில் எல்லாப் பல்லக்கையும் ஒரே தெருவில் இறக்கியது போன்ற நெரிசல். ஆயினும் மகிழ்ச்சி தரும் நெரிசல்.

பின்னர் அயர்ன் மேன் அம்மணிகளைத் தன் கையில் ஏற்று, விரல் சொடுக்கி, உலகைக் காத்து, தான் மாண்டான். மனைவிக்கும் சிறு மகளுக்கும் அவன் முன்பே பதிந்து வைத்திருந்த விடைமொழி திரையில் ஓடியது. சேதுபதியின் இழுவை அவ்விடத்தில் மட்டும் பொருந்திற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மகளிடம் பேசும் தந்தைக்கு விரைவு தேவையில்லை அல்லவா? பேரன் அழுதான். தோழருள் ஒருவனும் அழுதான்; மற்றவன் காலணியைக் குனிந்து திருத்திக்கொண்டே இருந்தான். இருபத்தொரு படத்தையும் பாராத தங்கையும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திரும்பும் பேருந்தில் அவள் சொன்னதுதான் நாம் கேட்ட விமரிசனங்களுள் நேர்த்தியானது. தென் திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள்; இரவிக்குட்டிப் பிள்ளை போரின் கதை அவளுக்கு மனப்பாடம். 1634ஆம் ஆண்டளவில் கணியாகுளத்தில் மதுரைத் திருமலை நாயக்கர் படையை எதிர்த்து மாண்ட வீரன் அவன். தீய கனாக் கண்ட தாய் தடுத்தும் நில்லாமல் களம் புகுந்தவன். "நம்ம இரவிக்குட்டிப் பிள்ளைக்க கதைதான், அவனும் வீட்டுல இருந்திருக்கலாம், போனான்" என்றாள் தங்கை. சற்றுப் பொறுத்து, "அந்த மலையிலே இருந்து விழுந்து செத்த பெண்ணுக்கு ஆரும் கூடல்லியே, அவனுக்கு மட்டும் ஊரே கூடிச்சு. அது என்ன நியாயம்?" என்றாள்.

பிளாக் விடோவைத்தான் சொன்னாள். அவளும் உலகுக்காகவே உயிர் நீத்தாள். ஏரிக்கரையில் அயர்ன் மேனுக்கு நிகழ்ந்த இறுதிச் சடங்கு அவளுக்கு நிகழவில்லை. படம் முழுவதையும் எழுத்தெண்ணிக் கற்ற பேரனுக்கு அது தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. பிற்பாடு 2021இல் வந்த 'பிளாக் விடோ' படத்தின் முடிவில் அவள் கல்லறையைக் காட்டினர். அதைத் தங்கைக்குத் தொலைபேசியில் தெரிவித்தபோது, "நாலு பேர் வந்தாங்களா?" என்று கேட்டாள். தங்கை முறையானவள் ஒருத்தி மட்டும் வந்தாள் என்றோம். "அது போதாது" என்றாள்.

தோழர் இருவரும் அன்று பேருந்தில் சேதுபதியின் குரலைப் போலவே இழுத்து இழுத்துத் தமிழ் பேசி வந்தனர். கேலியா, விருப்பமா என்று பேரனால் தீர்மானிக்க இயலவில்லை. பாறசாலை தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தவன், பிறகு அவர்கள் தவறாக இழுத்த ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்தான். உதியன்குளங்கரையில் இறங்கும்போது மூவரும் தமிழிலேயே சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த வாரம் அவன் திருவனந்தபுரம் சென்று அதே படத்தை ஆங்கிலத்திலும் பார்த்தான். ஆங்கிலக் குரலே உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டான். ஆனால் இரண்டாம் முறை அழுகை வரவில்லை என்றான்.

யார் பேசுவார் என்ற அவன் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. பழைய குரலே வந்தால் நன்று. வேறு குரல் வந்தாலும் படம் வரும்போது நாம் ஊருக்கு வருவோம் என்றும், மார்த்தாண்டத்தில் தமிழ்க் காட்சிக்கே சீட்டு வாங்க வேண்டுமென்றும் எழுதியிருக்கிறோம். தங்கைக்கு இப்போது முழங்கால் வலி; படியேற இயலாது. ஆகையால் கீழ்த்தளத்தில் ஓரத்து இருக்கையாகப் பார்க்கச் சொல்லியுள்ளோம்.