கியூபா: வெற்றிக்கதைக்குள் மறைந்த பேரம்

1962 அக்டோபரில் சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்தது. அமெரிக்க அதிபர் கென்னடி ஓரடி கூட விட்டுக்கொடுக்காமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் அஞ்சிப் பின்வாங்கினார். இந்த வடிவத்தில்தான் பெரும்பாலோர் இதை அறிந்திருக்கிறோம். இரு நாடுகள் முறைத்துக்கொள்ளும்போதெல்லாம் "கென்னடியைப் போல உறுதியாக நிற்க வேண்டும்" என்று சொல்ல யாராவது கிளம்பிவிடுகிறார்கள். நமக்கு அந்த நாட்களின் கவலையே வேறு. அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் இமய எல்லையில் தாக்கத் தொடங்கியிருந்தன. கியூபாவில் நடந்தது பின்னாளில் அமெரிக்கர்கள் சொன்னபடியே நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை.

முதலில், கடலில் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சி. அக்டோபர் 24 அன்று அமெரிக்கக் கடற்படையின் முற்றுகை நடைமுறைக்கு வந்தது. சோவியத் கப்பல்கள் முற்றுகைக் கோடு வரை வந்து, போர்க்கப்பல்களைக் கண்டு கடைசி நொடியில் திரும்பின என்பார்கள். எதிராளிதான் முதலில் கண் இமைத்தான் என்று வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அன்று சொன்னதும் புகழ்பெற்றுவிட்டது. ஆனால் ஏவுகணைகளை ஏற்றிவந்த கிமோவ்ஸ்க் என்ற கப்பல் அதற்கு முந்தைய நாளே திரும்பிவிட்டது. ரஸ்க் பேசிய நேரத்தில் அது முற்றுகைக் கோட்டிலிருந்து பல நூறு மைல் தள்ளி, ஊர் திரும்பும் வழியில் இருந்தது. 22-ஆம் தேதி இரவு கென்னடி தொலைக்காட்சியில் பேசிய சில மணி நேரத்திலேயே மாஸ்கோ முடிவெடுத்துவிட்டது. நேருக்கு நேர் முறைத்துக்கொண்ட கணம் ஒன்று அங்கே நிகழவே இல்லை.

அடுத்தது, குருஷேவ் வெறுங்கையோடு திரும்பினார் என்ற வாதம். இதுதான் மொத்தக் கதைக்கும் அச்சாணி. இதுதான் முழுப் பொய்யும். துருக்கியில் இஸ்மீர் நகரை ஒட்டி அமெரிக்காவின் 15 ஜூபிடர் ஏவுகணைகள் சோவியத் மண்ணைக் குறிவைத்து நின்றன. அக்டோபர் 27, சனிக்கிழமை மாலை, அதிபரின் தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் அனடோலி டோப்ரினினைத் தம் அலுவலகத்துக்கு அழைத்தார். கியூபா ஏவுகணைகள் அகற்றப்பட்டால் துருக்கியில் உள்ளவையும் நான்கைந்து மாதங்களில் போய்விடும், ஆனால் இது வெளியே தெரியக் கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து இந்த ஏற்பாட்டை எழுத்தில் குறிக்கும் கடிதம் ஒன்றை குருஷேவ் அனுப்பிவைத்தார். ராபர்ட் கென்னடி அதை டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு தாள் வெளியே வந்தால் தம் அரசியல் எதிர்காலமே பாழாகும் என்று அவர் சொன்னதாக டோப்ரினின் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்தியில் இருக்கிறது. 1963 ஏப்ரலில் துருக்கி ஏவுகணைகள் அகற்றப்பட்டன. கியூபா மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா தந்த வாக்குறுதி தனி. ராபர்ட் கென்னடியின் நினைவுக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1969-இல் நூலாக வந்தன. அவற்றைச் செப்பனிட்ட தியோடர் சோரன்சன், பேரம் வெளிப்படையாகத் தெரியும் பகுதியைத் தாமே மாற்றியதாக 1989-இல் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகம் முழுக்கப் படித்தது அந்தக் கத்தரித்த கதையைத்தான்.

கென்னடி அசையாமல் நின்றார் என்கிறார்களே, அதுவும் அவரையே குறைத்து மதிப்பிடுவது. அமைச்சரவை அறையில் அவர் ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இன்று எழுத்து வடிவில் கிடைக்கின்றன. முதல் நாளான 16-ஆம் தேதி அவரும் விமானத் தாக்குதல் பக்கமே சாய்ந்திருந்தார். 27-ஆம் தேதியோ ஆலோசகர்களில் பெரும்பாலோர் துருக்கி பேரத்தை எதிர்த்தபோது, இது யாருக்கும் நியாயமான பண்டமாற்றாகத்தான் தெரியும், இதை மறுத்துவிட்டுப் போருக்குப் போனால் நம்மை யார் ஆதரிப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர்தான். அவரைப் பாராட்ட வேண்டுமானால் இதற்காகப் பாராட்டலாம்.

நெருக்கடி முழுவதும் இரு தலைவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதும் தவறு. அதே 27-ஆம் தேதி கியூபாவுக்கு மேலே பறந்த யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். சுடச் சொன்னவர்கள் கியூபாவிலிருந்த சோவியத் தளபதிகள்; மாஸ்கோவிடம் அனுமதி கேட்கவில்லை. அன்றே இன்னொரு யூ-2 ஆர்க்டிக் பகுதியில் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை மேலே வரவழைக்க அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சி வெடிகளை வீசிக்கொண்டிருந்தன. உள்ளே தாங்க முடியாத வெப்பம், மூச்சுத் திணறும் காற்று, மாஸ்கோவோடு தொடர்பில்லை. அதில் அணு ஆயுதம் பொருத்திய டார்ப்பிடோ ஒன்று இருந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. போர் மூண்டுவிட்டது என்று நினைத்த கப்பல் தலைவர் அதைத் தயார் செய்யச் சொன்னதாகவும், வாசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி அவரை அமைதிப்படுத்தியதாகவும் கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். தரையிலும் இதே கதைதான். கியூபாவில் 40,000-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். வாஷிங்டன் போட்ட கணக்கு அதில் நான்கில் ஒரு பங்கு. போர்க்களத்தில் பயன்படுத்தும் குறுந்தூர அணு ஆயுதங்களும் அங்கே வந்திறங்கியிருந்தன. அவை அத்தனை இருந்தன என்பதை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 1992-இல் ஹவானா மாநாட்டில்தான் கேட்டறிந்தார். படையெடுக்கலாம் என்று அமெரிக்கத் தளபதிகள் வற்புறுத்தியபோது அவர்கள் கையில் இருந்த தகவல் இவ்வளவுதான்.

அமெரிக்காவின் படைபலத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருந்தது. அணு ஆயுதங்களில் அமெரிக்காவின் கை பல மடங்கு ஓங்கியிருந்தது, கரீபியக் கடல் அதன் வாசல். குருஷேவுக்கு இது தெரியும், அவர் அஞ்சியதும் மெய். ஆனால் கென்னடியும் அஞ்சினார். அச்சம் இரு பக்கமும் இருந்ததால்தான் பேரம் படிந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை, டோப்ரினினிடம் என்ன சொல்வது என்று அதிபரின் அறையில் முடிவு செய்தபோது உடனிருந்தவர்கள் ஒரு சிலரே. துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1965-இல் வியட்நாமுக்குப் படைகளை அனுப்பிய அதிபர் அவர்தான். அவரைச் சுற்றியிருந்த பலரும் கியூபாவில் உறுதிதான் வென்றது என்றே நம்பியிருந்தார்கள்.