சம்பளம் கொடுப்பது அரசாங்கம், வாதாடுவது படைவீரருக்காக!

அரசாங்க வழக்கறிஞர் என்றால் நம் மக்களுக்கு ஒரே அர்த்தம்தான். எதிர்ப்பக்கத்து ஆள். கம்பத்தை உடைக்கும் வழக்கானாலும் சரி, தடுப்புக் காவலில் இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்கும் வழக்கானாலும் சரி, அவர் நிற்பது அந்தப் பக்கம். இதை மாற்றவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியும். கனடாவில் 1930-ஆம் ஆண்டிலேயே மாற்றினார்கள், முன்னாள் படைவீரர்களுக்கு மட்டுமாவது!

அங்கே படையிலிருந்து விலகியவர் காது போயிற்று, முட்டி போயிற்று, தூக்கம் போயிற்று என்று உதவித்தொகைக்கு மனு போடுகிறார். படைவீரர் விவகாரத் துறை இல்லை என்று கையை விரித்தால், அல்லது கேட்டதில் பாதியைக் கொடுத்தால், அவர் ஓய்வூதிய வழக்காடுநர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே இருப்பவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர்கள். அவர்களுடைய வேலையே, அதே அரசாங்கம் எடுத்த முடிவு தவறு என்று வாதாடுவதுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் படைவீரர் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள். பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் காது கேட்கவில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணியில் இருந்தபோது காதுக்கு மருத்துவம் பார்த்ததாகப் பதிவு உண்டா என்று துறை கேட்கிறது. இல்லை. அப்படியானால் இது வயதினால் வந்தது, போய் வா! நம்மைப் போன்ற சாதாரண ஆள் இந்த இடத்தில் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். வழக்கறிஞர் அந்தக் கோப்பை முதல் தாளிலிருந்து படிக்கிறார். சேரும்போது எடுத்த காதுச் சோதனை என்ன சொல்கிறது, விலகும்போது எடுத்தது என்ன சொல்கிறது என்று ஒப்பிடுகிறார். பீரங்கிச் சத்தத்தால் இந்தக் கேடு வந்திருக்கலாமா என்று மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குகிறார். கூட இருந்த தோழர்களைச் சாட்சி எழுதித் தரச் சொல்கிறார். பிறகு மறுஆய்வு, மேல்முறையீட்டு வாரியத்தின் முன் மனுதாரர் பக்கத்தில் போய் உட்காருகிறார். அங்கும் தோற்றால், அதே வாரியத்தின் வேறு உறுப்பினர்களிடம் மேல்முறையீடு செய்கிறார்.

அந்த வாரியத்தின் சட்டத்தில் 39-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதாரத்திலிருந்து நியாயமாக எதையெல்லாம் மனுதாரருக்குச் சாதகமாக ஊகிக்க முடியுமோ அதையெல்லாம் ஊகிக்க வேண்டும். நம்பத்தக்க சாட்சியத்தை மறுக்க எதுவும் இல்லாவிட்டால் ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர் பக்கமே தீர்க்க வேண்டும். நம் ஊர் கவுண்டரில் சந்தேகம் வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

அரசாங்கத்தின் சோற்றைத் தின்பவர் அரசாங்கத்தை எதிர்த்து வாதாடுவாரா? நியாயமான கேள்வி. அதற்கும் சட்டத்திலேயே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்கும் உதவி கேட்டு வருபவருக்கும் உள்ள உறவு, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள உறவு. அவர் நம்பிச் சொன்னதைத் துறைக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு ஓட்டை இருப்பதாகவே நான் நினைக்கிறேன். 1971-இல் துறையிலிருந்து பிரித்துத் தனியாக்கிய அலுவலகத்தை 1995-இல் மீண்டும் துறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். எதிர்வாதியின் வீட்டிலேயே நம் லாயர் குடியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கனடா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2022-இல் அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் துறையின் வண்டவாளத்தை வெளியிட்டார். முதல் முறை மனு போட்டவர்களில் பாதிப் பேர் முடிவுக்காக 39 வாரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். துறை தனக்கு வைத்திருந்த கெடு 16 வாரம்!

இதைவிட நமக்கு உறைக்க வேண்டியது வேறொன்று. கனடாவின் பூர்வகுடி மக்களும் இரண்டு உலகப் போர்களிலும் சண்டை போட்டார்கள். பிரான்சிஸ் பெகமகபோ என்ற ஒஜிப்வே வீரர் முதல் உலகப் போரில் ராணுவப் பதக்கத்தை மூன்று முறை பெற்றவர். ஊர் திரும்பியவர்களின் கதி என்ன? வெள்ளைக்கார வீரர் நேராகத் துறை அலுவலகத்துக்குப் போனார். ஒதுக்கிடத்தில் வாழ்ந்த பூர்வகுடி வீரர் 'இந்தியர் முகவர்' என்ற அதிகாரியின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. (அந்த 'இந்தியர்' நாமல்ல, கொலம்பஸ் செய்த குழப்பம்.) பலருக்கு நிலமும் கடனும் உதவித்தொகையும் அவர் மேசையோடு நின்றுபோயின. இரண்டாம் உலகப் போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகு, 2002-இல்தான் கனடா அரசாங்கம் ஆளுக்கு 20,000 கனடா டாலர் தருகிறோம் என்று முன்வந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்! வழக்கறிஞர் அலுவலகம் 1930-லிருந்தே இருந்தது. கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை 1989-இல்தான் ஓய்ந்தது. 21 ஆண்டு முடிக்காமல் விலகிய சாதாரணப் படைவீரருக்குப் பணி ஓய்வூதியம் இல்லை. அப்படிப்பட்டவர்களில் பலர் இன்று பாதுகாவலர் சட்டை போட்டுக்கொண்டு இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உடல் ஊனத்துக்காகத் தற்காப்பு அமைச்சுக்கு மனு போட்டு, மலாயில் எழுதிய ஒரு பக்க நிராகரிப்புக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தால், அதைப் படித்துச் சொல்வது யார்? ஐந்தாம் படிவம் படிக்கும் பேத்தி! மேல்முறையீட்டை எழுதுவதும் அவள்தான்.

2013-இல் ஓய்வூதியத் திருத்தச் சட்டம் ஓய்வூதியத்தை ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று கட்டிப்போட்டபோது, அரசாங்க ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் அரசாங்க வழக்கறிஞர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? கடைசிப் படிவரை ஓய்வூதியர்களுக்கு எதிர்ப்பக்கம்தான்.

அடுத்த முறை நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளி அரிசிப் பையோடு வரும்போது, முன்னாள் படைவீரர் வீடுகளில் இருப்பவர்கள் அரிசியை வாங்கிக்கொண்டு இதைக் கேளுங்கள்: மனு நிராகரிக்கப்பட்ட படைவீரருக்காக வாதாட, காசு வாங்காமல், அமைச்சுக்குக் கட்டுப்படாமல், தமிழ் தெரிந்த ஆள் உட்பட, எத்தனை வழக்கறிஞர்களை அரசாங்கம் அமர்த்தும்? எந்தத் தேதிக்குள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.