கேஸ் டின்னில் மிச்சம் பிடிக்கலாமா?

2022ஆம் ஆண்டு சமையல் கேஸுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் செல்லும் சின்ன கேஸ் அடுப்புக்கு எங்கள் கடைத்தெருவில் திடீர் மவுசு வந்தது. அதுவரை அது சுற்றுலாப் போகிறவர்கள் மட்டும் கேட்டு வரும் சாமான். இப்போது ஹாட்வெயார் கடை, பாத்திரக் கடை, பென்சிக் கடை எல்லாவற்றிலும் அடுக்கி வைத்திருக்கிறோம். விற்பதில் தவறில்லை. ஆனால் அடுப்பின் நிறத்தையும் விலையையும் பார்க்கிற நாம், அதற்குள் போடுகிற டின்னைப் பார்ப்பதில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

வியாபாரிக்கு வருமானம் டின்னில்தான் இருக்கிறது. அடுப்பை ஒரு தடவை வாங்குகிறவர் டின்னுக்குப் பத்துத் தடவை வருவார். 220 அல்லது 250 கிராம் பியூட்டேன் அடைத்த ஒரு டின், முழுச் சுவாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எரியும். அதனால் மலிவான டின்னைத் தேடி வாடிக்கையாளரும் அலைகிறார், நாமும் அலைகிறோம். வெறும் டின்னை வாங்கி, வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பிக் கொடுக்கிறவர் நுழைவது இந்த இடைவெளியில்தான். என்னிடமும் ஒருவர் மாதிரிக்கு இரண்டு டின் கொண்டு வந்தார். “ஹாஜியார், ரெண்டும் ஒரே கேஸ்தான், விலை மட்டும் பாதி” என்றார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அவர் வேறு கடைக்குப் போயிருப்பார், அதுதான் எனது கவலை.

இரண்டும் ஒரே கேஸ் அல்ல. வீட்டு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 30 பாகை வெப்பத்தில், அதாவது கொழும்பின் சாதாரண பகல் வெயிலில், புரோப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. சிலிண்டர் தடித்த இரும்பு, அதைத் தாங்கும். டின்னோ மெல்லிய தகடு, பியூட்டேனுக்கென்று அளந்து செய்தது. 2021இன் கடைசி மாதங்களில் நாடு முழுவதும் வீடுகளில் நடந்த கேஸ் வெடிப்புகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கலவையில் புரோப்பேனின் விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. சிலிண்டருக்கே அந்த நிலை என்றால் தகர டின்னுக்கு என்ன கதி?

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் டின்னை முழுதாக நிரப்புவதில்லை, சூட்டில் திரவம் விரிவதற்கு இடம் விடுவார்கள். கையால் நிரப்புகிறவரிடம் அந்தக் கணக்கு இல்லை. விளிம்பு வரை நிரம்பிய டின்னை வேனின் பின்பக்கம் வெயிலில் வைத்தால் போதும், அடுப்பே தேவையில்லை.

தெரிவு செய்கிறபோது வாடிக்கையாளர் எங்கே போகிறார் என்று கேட்க வேண்டும். கடற்கரைக்கும் தோட்டத்துக்கும் சாதாரண பியூட்டேன் தாராளம். பெருநாள் விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்கள் வேறு. பியூட்டேன் சுழியம் பாகையை ஒட்டினாலே ஆவியாக மறுக்கும். அத்துடன் எரிய எரிய டின் தானாகவும் குளிரும். ஜனவரி இரவில் பாதி டின் மிச்சமிருக்கச் சுவாலை சுருங்கிவிடும். வந்து நம்மிடம் ‘கள்ளச் சாமான்’ என்று சண்டை பிடிப்பார்கள்! ஐசோபியூட்டேன் கலந்த டின் அதைவிடக் குளிரிலும் ஆவியாகும். விலை கூட என்றாலும் மலைநாட்டுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். அந்த டின்னின் வாய் நமது அடுப்பில் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பதும் நமது வேலை. குளிர்ந்த டின்னை நெருப்பில் காட்டிச் சூடாக்கும் வழக்கத்தை மட்டும் எவருக்கும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாவனையில் நான் கண்ட பெரிய ஆபத்து தகடுதான். சிற்றுண்டி விற்கிறவர்கள் இரண்டு அடுப்பை அருகருகே வைத்து, மேலே ஒரே பெரிய தகட்டைப் போடுகிறார்கள். அகன்ற தாச்சியும் அப்படியே. டின் இருக்கும் பக்கத்தையும் அது மூடிக்கொள்ள, சூடு கீழே திரும்பி டின்னில் இறங்குகிறது. அழுத்தம் கூடினால் டின்னை விடுவித்து நெருப்பை அணைக்கும் பாதுகாப்பு அடுப்பில் இருக்கிறதே என்பார்கள். அதே வகை அடுப்புகள் பலவற்றில் அந்தப் பாதுகாப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டு, 2015இல் அவுஸ்திரேலியாவில் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். அங்கே அப்படியென்றால், இங்கே பெட்டியில் அச்சடித்த வாசகத்தை மட்டும் நம்பி விற்பது சரியல்ல. சட்டியின் அடி அடுப்பின் தாங்கியை விட்டு வெளியே நீளக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

மழை வந்தால் வேனுக்குள் சமைப்பதும் கூடாது. பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு பாரம். கசிந்தால் மேலே போகாமல் தரையிலேயே தேங்கி நிற்கும். மூடிய இடத்தில் எரித்தால் மணமில்லாத நச்சுவாயுவும் சேரும். நமது கடைகளில் தகரக் கூரையின் கீழ் மேல்மாடி ஸ்டோரில் பெட்டி பெட்டியாக அடுக்குவதும், கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி காட்சிக்கு வைப்பதும் இதே கணக்குத்தான். டின்னை 50 பாகைக்கு மேல் சூடாக விடாதே என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. கூரையடியில் மத்தியானம் கை வைத்துப் பாருங்கள்.

மீள்நிரப்பிய டின்னைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. வாயில் கீறல், அமுங்கிய விளிம்பு, பொருந்தாத மூடி, ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு தயாரிப்புத் திகதிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். எனது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. வெறும் டின் ஏறத்தாழ 100 கிராம். 220 கிராம் டின் 320ஐ ஒட்டி நிற்க வேண்டும். 280 காட்டினாலும் எடுக்க மாட்டேன், 360 காட்டினால் கடைக்குள்ளேயே விட மாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். இப்போது அவரும் தனது சரக்கை என்னிடம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறார்.